பத்து செக்கன் வேலை

என்னைச் சோம்பேறி என்று சொல்பவர்களுக்கு விஷயம் தெரியாது. சோம்பேறிக்கு வேலையைக் கண்டாலே பிடிக்காது. எனக்கோ எல்லா வேலைகளும் பிடிக்கும். ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்யலாம் என்று உட்கார்ந்து, ரசித்து, மனதுக்குள் ஒருமுறை முழுதாகச் செய்து பார்ப்பேன். அங்கே அது அவ்வளவு அழகாக முடிந்துவிடும். பிறகு எழும்பிப் போய் இன்னொரு தடவை நிஜத்தில் செய்வதுதான் அலுப்பு. குசினிக் குழாய்க்கு வொஷர் மாற்றுவது, லைட் பில் கட்டுவது, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவது என்று நான் மனதுக்குள் முடித்த வேலைகளைப் பார்த்தால், என்னைப் போலச் சுறுசுறுப்பான ஆசிரியர் மாத்தளை மாவட்டத்திலேயே இருக்க முடியாது.

இந்தக் குணத்துக்கு எங்கள் வீடு இருக்கும் இடமும் ஒரு காரணம். இரத்தோட்டையில் பஸ் இறங்கி, கால் மணி நேரம் மேலே நடக்க வேண்டிய சரிவு அது. குசினிக்குப் பின்னால் ஒரு சிமெந்துப் படி. காலையில் பிளேன்டீயோடு அதில் உட்கார்ந்தால் எதிரே மலையே இருக்காது. வெள்ளை மூட்டம் மட்டும் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு பாக்கு மரத்தின் தலை வரும். அப்புறம் கராம்பு மரம். அப்புறம் ஒரு மலையின் தோள். இந்த மலை முழுசாக வரட்டும், எழும்பிவிடுவோம் என்று நினைப்பேன். அது வந்ததும் பக்கத்து மலையும் வரட்டுமே என்று தோன்றும். (எங்கள் பக்கம் மலைகளுக்குப் பஞ்சமில்லை.) அப்படியே டீ ஆறிப்போகும்.

அப்பா இதற்கு நேர் எதிர். பெயர் முத்தையா. எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்னாருக்கு இன்ன மலையில் இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். வேலையை விட்டு இந்தக் காணித்துண்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடமாகியும் அப்பாவின் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஐந்து மணிக்கு எழும்பி, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஆறு மணிக்குத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். இப்போது மிளகுக் கொடிகள்தான் அவருடைய ஆட்கள்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் அகப்படும் எதிலும் ‘மு’ என்று எழுதிவிடுவார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி மண்வெட்டியும் ஒரே மாதிரி குடையும் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். மண்வெட்டிப் பிடியில் ‘மு’, குடைப் பிடியில் ‘மு’, குசினியில் உட்காரப் போட்டிருக்கும் நீள வாங்கில் ‘மு’. பூசணிப் பிஞ்சைக்கூட விடமாட்டார். குண்டூசியால் குத்தி எழுதிவிடுவார். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்து, சந்தைக்குப் போகும்போது தேர்தல் சுவரொட்டி அளவுக்கு வந்திருக்கும். (கல்யாணமான புதிதில் என் முதுகிலும் இருக்கிறதா என்று சுமதி சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.)

சுமதி என் மனைவி. ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனவள், சாயந்தரம் ஒரு பை நிறைய வனிலாக் கொடித் துண்டுகளோடு வந்து இறங்கினாள். அப்பா மிளகுக்கென்று நட்டிருந்த மரங்களில் மேலே ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையுமாக ஏற்றிவிட்டாள். மேல் வரிசை நான் உட்காரும் படிக்கு நேர் எதிரே. கீழ் வரிசை பலாமரத்தைத் தாண்டி, சறுக்கும் பாதையில் இறங்கிப் போக வேண்டிய கீழ்த் தட்டில். மூன்று வருடம் போயிற்று. கொடிகள் கொழுத்தனவே தவிர ஒரு பூவும் இல்லை.

“மொளகு வச்சிருந்தா இந்நேரம் ரெண்டு தடவ பறிச்சிருக்கலாம். இது என்னா, சும்மா சுத்திக்கிட்டு கெடக்கு” என்றார் அப்பா.

“பூக்கும் மாமா.”

“இந்த வருசம் காய் தொங்கலன்னா புடுங்கிட்டு மொளகு நடுவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்.”

“தொங்கிச்சின்னா?”

அப்பா மப்ளரை இறுக்கிக்கொண்டு யோசித்தார். “தொங்கிச்சின்னா கீழ்த் தட்டு முழுசும் ஒனக்கு. என்னா வேணும்னாலும் நட்டுக்க.”

அந்த ஏப்ரலில் மொட்டு வந்தது. சுமதி கொடிக்குக் கொடி ஓடி ஓடிப் பார்த்தாள். முதல் பூ விரிந்த அன்றைக்கே பண்டாரவளையிலிருந்து அழைப்பும் வந்தது. அவளுடைய அக்காவுக்குப் பிரசவம், துணைக்கு ஆள் இல்லை, பத்து நாளாவது வந்து இரு என்றார்கள்.

வனிலாப் பூவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விடியற்காலை விரிந்து, மத்தியானத்துக்குள் வாடிவிடும். எங்கள் ஊரில் எந்த வண்டும் அதற்கு உதவாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் மனிதக் கை போய் மகரந்தத்தைத் தொட்டு வைத்தால்தான் காய். தொடாத பூ மறுநாள் உதிர்ந்துவிடும். தொட்ட பூ காய்ந்தாலும் காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பயணப் பையைத் தோளில் போட்டுக்கொண்டே சுமதி எனக்குப் பாடம் எடுத்தாள். கையில் ஒரு ஈர்க்குத் துண்டு.

“இங்க பாருங்க. இந்த மூடிய மெதுவா தூக்கணும். மஞ்சளா இருக்குல்ல, அத உள்ளுக்கத் தள்ளி, பெருவெரலால ஒரு அழுத்து. அவ்வளவுதாங்க. நீங்க செய்ங்க பாப்போம்.”

மேல் வரிசையின் முதல் கொடியில் இருந்த அந்தப் பூவை நான் தொட்டேன். நன்றாகவே தொட்டேன்.

“பாத்தீங்களா, பத்து செக்கன். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பூதான் விரியும். காலையில ஆறு மணியிலேருந்து பத்து மணிக்குள்ள செஞ்சிருங்க. மறந்துறாதீங்க. மாமாக்கிட்ட நான் தோத்துறக் கூடாது.”

“நீ கவலப்படாம போ. ஸ்கூல் லீவுதானே” என்றேன். அவள் வளைவில் திரும்புவதற்குள் பத்து நாள் பூக்களையும் மனதுக்குள் தொட்டு முடித்துவிட்டேன்.

மறுநாள் காலை படியில் உட்கார்ந்தேன். மேல் வரிசையில் நான்கு பூக்கள் விரிந்திருந்தன. இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், அவற்றைச் சுற்றி ஈரமான வெள்ளை. மணி ஏழுதான். பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. பாக்கு மரத்தின் தலை வரட்டும் என்று இருந்தேன். ஒன்பது மணிக்கு எழும்பினேன். ஈர்க்கை விடத் தேசிக்காய் முள் திறமாக இருக்குமே என்று ஒரு யோசனை வந்தது. முள் தேடிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கி, சாதிக்காய் விலைக்குப் போய், திரும்பவும் கிரிக்கெட்டுக்கு வந்தது. நல்ல கூர்மையான முள்ளோடு நான் திரும்பி வந்தபோது பதினொன்றரை. நான்கு பூக்களும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. சரி, நாளைக்கு எட்டுப் பூவாகத் தொட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். (இன்றைய பூ நாளைக்கு இருக்காது என்பது சமூகக்கல்வி ஆசிரியருக்கு உறைக்கவில்லை.)

மூன்றாம் நாள் மூட்டம் இன்னும் அழகாக இருந்தது. ஒரே ஒரு காலைக்காக மூன்று வருடம் காத்திருந்து வந்த பூவா இது என்று நினைத்தபோது எனக்கு மனம் இளகிப் போனது. இரக்கம் மேலிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பூவுக்கு வேண்டியிருந்தது என் பத்து செக்கன். நான் கொடுத்தது ஒரு மணி நேர இரக்கம்.

தினமும் எட்டு மணி போல அப்பா கீழேயிருந்து ஏறி வருவார். முழங்கால் வரை ஈரம், மப்ளரில் ஏதாவது இலை.

“பூவ தொட்டியா?”

“இதோ போறேன்ப்பா.”

“ம்” என்பார். நான் சும்மா இருந்தால் அவருக்குப் பந்தயத்தில் வெற்றி. அதனால்தான் திட்டாமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்தில் சுமதி அழைப்பாள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த கதை, குழந்தையின் தலைமுடிக் கதை எல்லாம் முடிந்ததும், “போட்டோ அனுப்புங்க” என்பாள். முதல் நாள் நான் தொட்ட அந்த ஒரே பூவை இடப்பக்கம், வலப்பக்கம், கீழிருந்து, மேலிருந்து என்று எடுத்து வைத்திருந்தேன். தினம் ஒன்றாக அனுப்பினேன்.

பத்தாம் நாள் அவள் வழக்கத்தை விட முன்னாலேயே அழைத்தாள். பின்னால் பஸ் சத்தம்.

“கண்டிக்கு வந்துட்டேங்க. ரெண்டு மணித்தியாலத்துல வந்துருவேன். எத்தன புடிச்சிருக்குன்னு இப்ப சொல்லாதீங்க, நான் வந்தே பாத்துக்கிறேன்.”

என் வாழ்க்கையில் நான் உடனே எழும்பிய சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. மேல் வரிசையில் ஒன்றே ஒன்று மட்டும் காம்பில் இருந்தது. மற்றவை எல்லாம் தரையில் பழுப்பாகிக் கிடந்தன. தொட்ட பூ காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சுமதி சொன்னது ஞாபகம் வந்தது. ஒட்டிக்கொண்டிருந்தால் போதும்தானே? பிள்ளைகளின் ஒட்டுவேலைக்காக வாங்கி வைத்திருந்த கம் போத்தலை எடுத்தேன். கிழியாத பூக்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் காயும் வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததால் ஒரு பூவுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. அப்பா ஒருமுறை அந்தப் பக்கம் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார், கம் போத்தலைப் பார்த்தார், ஒரு தரம் இருமினார், போய்விட்டார்.

சுமதி வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. நேரே கொடிக்குப் போனாள். “அவ்வளவும் புடிச்சிருக்குங்க!” என்று திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். (உண்மையையும் தள்ளிப்போடலாம் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.)

அவள் கீழ் வரிசைக்கு இறங்குவதற்குள் நல்ல மழை பிடித்து, இரவு முழுதும் பெய்தது. கம் கரைந்தது. மறுநாள் காலை பூக்கள் எல்லாம் கீழே கிடந்தன, எறும்புகள் சுற்றி நின்றன. முதல் கொடியில் ஒரே ஒரு பிஞ்சு மட்டும் மிச்சம், இனி விரிய மொட்டும் இல்லை. சுமதி ஒவ்வொரு கொடியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நான்தான் அவசரத்துல ஒங்களுக்குச் சரியா சொல்லித் தரல போல. பாவம், நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சிருப்பீங்க” என்றாள்.

இதற்கு மேல் தாங்காது, சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கீழ் வரிசையைப் பார்க்க இறங்கியிருந்தாள். அங்கேயிருந்து ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடினேன். பாம்பு இல்லை. ஏழு கொடியிலும் கொத்துக் கொத்தாக, இளம் போஞ்சிக்காய் மாதிரி, விரல் நீளத்துக்குப் பச்சைக் காய்கள் தொங்கின.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள்கூட நான் கீழ்த் தட்டில் கால் வைக்கவில்லை. வண்டும் செய்யாது, காற்றும் செய்யாது. மிஞ்சியது தெய்வம்தான். மாத்தளை முத்துமாரியம்மன்தான் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். (அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். அதை மட்டும் தள்ளிப்போடவில்லை.)

“கீழ கொஞ்சம் கூடுதலா கவனம் எடுத்தேன்” என்று சொன்னது என் வாய்தான்.

பின்னால் வந்து நின்ற அப்பா நீளமாக இருமினார். பிறகு, “சரி மருமக. கீழ்த் தட்டு ஒனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

பிஞ்சைத் தொட்டால் உதிர்ந்துவிடும் என்று சுமதி யாரையும் கிட்டே விடவில்லை, அவளும் தள்ளி நின்றே பார்த்தாள். ஆனால் என் புகழைத் தள்ளி வைக்கவில்லை. கடைக்குப் போனால் என் பேச்சு, பஸ்ஸில் ஏறினால் என் பேச்சு. “எங்க வீட்டுக்காரரு விடியக்காலம் எழும்பி ஒரு பூ விடாம தொட்டாரு.” அவள் சொல்லச் சொல்ல எனக்கே அது ஞாபகம் வரத் தொடங்கியது. பனி ஈரத்தில் நான் கீழே இறங்குவது, விரலில் மஞ்சள் ஒட்டுவது எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

ஆகஸ்ட் லீவில் ஏற்றுமதிப் பயிர்களைப் பார்க்கும் அதிகாரி மிஸ், வனிலா நட்ட பதினைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சுமதி எல்லோரையும் வாங்கில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். பிறகு கீழ்த் தட்டுக்கு இறங்கினோம். அப்பா கொஞ்சம் மேலே, வெயிலுக்குக் குடை பிடித்து நின்றார்.

“சேர், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்றார் மிஸ்.

நான் சொன்னேன். பொறுமை வேண்டும் என்றேன். அதிகாலையில் எழும்ப வேண்டும் என்றேன். “பூ நமக்காகக் காத்திருக்காது” என்று சொல்லும்போது என் குரலே தழுதழுத்தது. ஒரு கொத்தை ஆசையோடு கையில் ஏந்தி எல்லோருக்கும் காட்டினேன்.

முன்வரிசையில் நின்ற பரீதா ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்), யட்டவத்தப் பக்கம் பெரிய தோட்டம் வைத்திருப்பவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

“தம்பி, அந்தக் காயக் கொஞ்சம் திருப்புங்க. பின்னுக்கு என்னமோ எழுதி ஈக்கிதே.”

திருப்பினேன். கொடிப் பக்கம் பார்த்திருந்த முதுகில், பழுப்பு நிறத் தழும்பாக, குண்டுப் புள்ளிகளில் ‘மு’. அடுத்த காயைத் திருப்பினேன். ‘மு’. அதற்கடுத்ததிலும் ‘மு’. (ஒரு கணம், சத்தியமாக, அம்மன்தான் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று எனக்குப் புல்லரித்தது.)

“மேல நாங்க குந்தின வாங்குலயும் இதுதான் ஈந்திச்சி” என்றார் ராத்தா. அவர் பார்வை மெதுவாக மேலே ஏறி அப்பாவின் குடைப் பிடியில் போய் நின்றது. பதினைந்து தலைகளும் அதே பக்கம் திரும்பின.

“மாமா, இதெல்லாம் நீங்களா?” என்று கேட்டாள் சுமதி.

அப்பா குடையை மடக்கினார். களவு பிடிபட்டவர் மாதிரி அவர்தான் கூச்சப்பட்டார்.

“என்னா செய்யச் சொல்ற? காலையில ஆறு மணிக்கு இதுக எல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு வரிசையா வந்து நிக்குதுக. பெரட்டுக்கு வந்த ஆள வேல குடுக்காம திருப்பி அனுப்ப எனக்கு ஏலாது.”

“எப்பிடித் தெரியும் ஒங்களுக்கு?”

“நீ அவனுக்குச் சொல்லிக் குடுத்தப்ப மொளகுக்குப் பின்னால நின்னேன்.”

“அப்ப எழுதுனது?”

“தம்பி செஞ்சதும் நான் செஞ்சதும் கலந்துறக் கூடாதுன்னுதான். மேல் வரிசைய அவனுக்குன்னே விட்டு வச்சேன். படிக்கு நேரா இருக்கே, எழும்பி ரெண்டு எட்டு வச்சாப் போதுமே, எப்பிடியும் செய்வான்னு நெனச்சேன்.”

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தார். பிறகு மலையே சிரித்த மாதிரி இருந்தது. மிஸ் மிகுந்த மரியாதையோடு குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பேச்சு நல்லா ஈந்திச்சி தம்பி” என்று ராத்தா என் தோளைத் தட்டினார். மூட்டம் இறங்கி என்னை மூடிவிடாதா என்று சுற்றிலும் பார்த்தேன். உச்சி வெயில். எல்லா மலைகளும் முழுசாக வந்து நின்று வேடிக்கை பார்த்தன.

சிரிப்பை விட அப்பா சொன்னதுதான் என்னைச் சுட்டது. சும்மா இருந்திருந்தால் அவருக்குக் கீழ்த் தட்டு மிஞ்சியிருக்கும். அதைத் தோற்பதற்காக அந்த மனிதர் தினமும் ஈரத்தில் இறங்கியிருக்கிறார். சுமதி வெல்ல வேண்டும் என்று வாக்குக் கொடுத்த நான் படியை விட்டு எழும்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுமதி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை படியில் உட்கார்ந்திருந்தபோது மேல் வரிசையிலிருந்து கூப்பிட்டாள். முதல் கொடியில் இருந்த ஒற்றைக் காயைத் திருப்பிக் காட்டினாள்.

“இதுல ஒன்னும் எழுதல. இது ஒங்களோடது.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு கவனமாக, அந்த ஒன்றையாவது எனக்கு எடுத்துக் கொடுக்கிறவள் மாதிரி சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேசிக்காய் முள், போட்டோ, கடைசியில் கம்.

“கம்மா?” என்றாள். “கம் போட்டா ஒட்டுனீங்க?” நின்றபடியே சிரிக்கத் தொடங்கி, கொடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர வரச் சிரித்தாள். அன்று மத்தியானமே பண்டாரவளைக்குச் செய்தி போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நான் தள்ளிப்போட்ட வேலையை யார் செய்தாலும் அதில் தங்கள் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். காஸ் சிலிண்டரில் சோக்குக்கட்டியால் ‘சு’. லைட் பில்லின் மூலையில் ‘மு’. போன மாதம், மனம் வந்து, வொஷரும் கையுமாகக் குசினிக் குழாயடிக்குப் போனேன். ஒழுக்கு நின்றிருந்தது, குழாய்க் கழுத்தில் ‘சு’ இருந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நான் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போனால்கூட, அடியில் என்ன எழுத்து என்று குனிந்து பார்க்கிறார்கள். அந்த ஒற்றைக் காய் இப்போது சுமதியின் சீனிப் போத்தலுக்குள் இருக்கிறது. விருந்தாளிகளுக்கு டீ போடும்போதெல்லாம் கதையும் சேர்ந்து வருகிறது.

கீழ்த் தட்டு முழுவதும் இப்போது வனிலா. இந்தப் பூக்காலம் தொடங்கிய அன்று அப்பா தன் குண்டூசியை என்னிடம் தந்தார். “இனி நீயே போட்டுக்க” என்றார். ஆறு மணிக்கு இறங்கினேன். மறுநாளும் இறங்கினேன். மூட்டத்துக்கு நடுவில் நின்று பூவைத் தொடும்போது, படியிலிருந்து பார்த்ததை விட அது அழகாகத்தான் இருந்தது. பிஞ்சு பிடித்த காய்களில் கோணல் மாணலாக ‘ச’ என்று குத்தினேன், என் பெயர் சந்திரன்.

போன கிழமை காய்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாவற்றிலும் ‘ச’. பெருமையாக இருந்தது. இடையில் ஒரே ஒரு காலை மட்டும், மழை விடட்டும் என்று டீயோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் கொடியில், அந்தக் காலையில் விரிந்த பூக்களின் இடத்தில் இரண்டு காய்கள் இருந்தன. திருப்பினேன். இரண்டிலும் ‘மு’.